நானும் மச்சினனும் ஆரம்பித்த கம்பெனி

இதுவரை மூன்று கம்பெனிகள் ஆரம்பித்திருக்கிறேன். முதலாவது ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. மூன்றாவதை நானே மூடினேன். நடுவில் ஆரம்பித்ததுதான் நன்றாக ஓடியது. அதிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்தவன் என் மனைவியின் தம்பி.

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு இன்ஜினியரிங் காலேஜில் என்னைக் கூப்பிட்டு மாணவர்களிடம் பேசச் சொல்வார்கள். தொழிலில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பார்கள். ஒரே வேலையை எடுத்து அதை ஒழுங்காகச் செய்யுங்கள், வாங்குகிறவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்றெல்லாம் சொல்வேன். எதுவும் பொய்யில்லை. ஆனால் நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் மைக்கைப் பிடித்துச் சொல்லக்கூடியதாக இல்லை.

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது எனக்கு நிறையத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எலக்ட்ரீசியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் எல்லாரையும் செல்போனிலேயே கூப்பிட்டுக்கொள்ள ஒரு ஆப் செய்தேன். புதுக்கோட்டை டவுனில் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் வீட்டுக்கு ஒருமுறை வந்த எலக்ட்ரீசியனின் நம்பரை வாங்கிவைத்துக்கொண்டு அடுத்த தடவை நேராக அவரையே கூப்பிட்டார்கள். நடுவில் நான் எதற்கு? அது எனக்குப் புரிவதற்குள் கையில் இருந்தது கரைந்துவிட்டது.

அப்போது ஆலங்குடியில் என் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். மச்சினன் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையிலிருந்து லீவில் வந்திருந்தான். என்னைவிட பத்து வயது சின்னவன், அதிகம் பேசமாட்டான். சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னான்.

“மச்சான், நம்ம சேந்து ஒண்ணு பண்ணலாமா? நான் உள்ளார உக்காந்து கோடு எழுதுறேன். நீங்க வெளில பேசுங்க.”

அப்படித்தான் இரண்டாவது கம்பெனி பிறந்தது. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே ஆபீஸ். தனியார் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர். பிள்ளை ஸ்கூல் பஸ்ஸில் ஏறியதும் வீட்டுக்கு மெசேஜ் போகும், இறங்கியதும் இன்னொன்று போகும். அம்மாக்கள் பார்ப்பார்கள் என்று நினைத்துச் செய்தோம். அதிகம் பார்த்தது வெளிநாட்டில் இருந்த அப்பாக்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் விடிகிற நேரத்தில் எழுந்து, தன் மகள் பஸ் ஏறிவிட்டாள் என்று படித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். ஒருநாள் மெசேஜ் போகவில்லை என்றால் மனைவியைக் கூப்பிடுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுவார்கள். அந்தப் போன்களையெல்லாம் மச்சினன்தான் எடுப்பான். “இது ஒண்ணு போதும் மச்சான். இதத் தப்பில்லாம செஞ்சா போதும்” என்பான்.

எனக்குப் போதவில்லை. இலுப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர், ஹாஸ்டல் சாப்பாட்டுக் கணக்கும் இதில் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். அறந்தாங்கியில் பரீட்சை மார்க் வருமா என்றார்கள். அடுத்த மாதம் வந்துவிடும் என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குள் நுழையும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

“போன மாசம் சொன்னதே இன்னும் முடியல மச்சான்.”

“பண்ணிக்கலாம் மாப்ள. ஆளு போட்டுக்கலாம்.”

அவசரமாக ஒட்டவைத்த வேலைகள் ஒருநாள் மொத்தமாகக் கவிழ்ந்தன. பஸ்ஸில் ஏறாத பிள்ளைகள் ஏறியதாக மெசேஜ் போனது. ஒரு பெண் குழந்தை அன்று பஸ்ஸை விட்டுவிட்டு அப்பத்தா வீட்டுக்கு நடந்து போய்விட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகவே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சில பள்ளிக்கூடங்கள் எங்களை விட்டுப் போய்விட்டன.

எங்கள் கம்பெனியில் பணம் போட்டிருந்தவர் சென்னைக்காரர். திருச்சியில் ஒரு ஹோட்டலுக்கு எங்கள் இருவரையும் வரச்சொன்னார். காபி வரும்வரை பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர், அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“சார், ஆரம்பிக்கிறதுல நீங்க கெட்டிக்காரர். நடத்துறதுக்கு வேற ஆள் வேணும். உங்க மச்சினனே நடத்தட்டும். நீங்க விலகிக்கிட்டா கம்பெனி பிழைக்கும்.”

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு முன்பே தெரியுமா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. அவர் சொன்னது சரிதான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

போகும்போது ஒரே காரில் போயிருந்தோம். திரும்பும்போதும் அதே காரில்தான் வரவேண்டியிருந்தது. அவன் ஓட்டினான். கீரனூரில் ஒரு டீக்கடையில் ஓரம்கட்டினான். டீயை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான். எனக்கு வேணாம்னு சொல்லிடுறேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. நீயே பாரு.”

“மனசோடதான் சொல்றீங்களா?”

“வண்டிய எடு, இருட்டப்போவுது.”

வீட்டுக்கு வந்தபோது மனைவிக்கு விஷயம் தெரிந்திருந்தது. டீக்கடையிலிருந்தே தம்பி மெசேஜ் அனுப்பியிருப்பான்போல. சட்டையைக் கழற்றும்வரை காத்திருந்தாள்.

“ஏங்க, நான் இதுல என்ன செய்யணும்?”

“நீ என்ன செய்யப்போற? ஒண்ணும் செய்ய வேணாம்.”

இதைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த தம்பி வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். தம்பி பெண்டாட்டி கோயிலில் எதிரே வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. போய்விட்டு வா என்றும் சொன்னதில்லை. அடுத்த பொங்கலுக்கு அவன் கரும்பும் சீர்த்தட்டுமாக வந்தான். எனக்குத் திருச்சியில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு முதல் நாளே கிளம்பிவிட்டேன். மறு வருடம் வாசலில் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போனானாம். அதற்கடுத்த வருடம் சீர் ஆள் மூலம் வந்தது.

இதற்கிடையில் மூன்றாவது கம்பெனியை ஆரம்பித்திருந்தேன். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தேங்காய் வாங்கி விற்கிறவர்களுக்கான ஆப். வியாபாரிகளுக்கு அது வேண்டுமா என்று விசாரித்தேன்தான். ஆனால் ஆரம்பித்தது அவர்களுக்காக இல்லை. மச்சினனுடைய ஆபீஸைவிடப் பெரிய ஆபீஸ் பிடித்தேன். அங்கே ஆறு பேர் என்று கேள்விப்பட்டால் இங்கே பத்துப் பேரைச் சேர்த்தேன். ஒவ்வொரு முடிவையும் எடுக்கும்போது மச்சினன் காதுக்கு இது போகும் என்று மனதின் ஓரத்தில் ஓடும். அவன் அதையெல்லாம் கவனித்தானா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒருவனுக்குக் காட்டுவதற்காகக் கம்பெனி நடத்தினால் அது எத்தனை நாள் தாங்கும்? வியாபாரிகள் வாட்ஸப்பிலேயே விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மூடினேன்.

அதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மகனுக்குக் காது குத்துவதைத் தள்ளிக்கொண்டே வந்தோம். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். பையன் வளர்ந்துகொண்டே போகிறானே என்று ஊரில் கேட்க ஆரம்பித்தபோது மனைவி என்னிடம் வந்து நின்றாள்.

“யார யாரக் கூப்புடுறதுங்க?”

“ஒனக்கு யாரக் கூப்புடணுமோ கூப்புடு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தம்பியைக் கூப்பிடவில்லை. அவளுடைய பெரியப்பா மகன் ஒருவர் மடி கொடுத்தார். நல்ல மனிதர்தான். என் மகன் அவரை அதற்கு முன்னால் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஊசியைக் கண்டதும் அவர் மடியிலிருந்து திமிறி அம்மாவிடம் ஓடினான். பிடித்துவந்து உட்காரவைத்துக் குத்தினார்கள். கிடா விருந்து நன்றாக நடந்தது. மாமியார் சாப்பிடாமலே ஆலங்குடிக்குப் பஸ் ஏறிவிட்டார் என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தேன்.

சில வருடங்கள் கழித்து மச்சினன் கம்பெனியைப் பெரிய ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டது. பஸ் மெசேஜ் ஒன்றைத்தான் அவன் அத்தனை வருடமும் செய்திருந்தான். குடும்பத்தோடு சென்னைக்குப் போகவேண்டிய நிலைமை. கிளம்புவதற்கு முன்னால் எனக்கே போன் செய்தான்.

“மச்சான், ஊரக் காலி பண்றோம். அக்காவப் பாத்துட்டுப் போகலாம்னு இருக்கேன். நீங்க வீட்ல இருப்பீங்களா?”

“வா மாப்ள. இருக்கேன்.”

அந்தத் தடவை எங்கும் ஓடவில்லை. அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். தலையில் முன்பக்கம் நரைத்திருந்தது. மனைவி டிபன் எடுத்துவரப் போனவள் அடுப்படியிலேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டாள். மகன் டியூஷனிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினான். வந்திருப்பவரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னான்.

“வாங்க அங்கிள்.”

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “மாமாடா. மாமான்னு சொல்லு.”

“இருக்கட்டும்க்கா, பழகிடுவான்” என்று மச்சினன் சிரித்தான். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து என்ன படிக்கிறான், எந்த டீம் பிடிக்கும் என்று கேட்டான். என் மகன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

வாசல்வரை போனேன். மன்னிப்பு மாதிரி எதையாவது சொல்ல வேண்டும் என்றுதான் கூடப் போனேன். “கம்பெனிய நல்லா நடத்துன மாப்ள” என்றேன். அதைத்தான் சொல்ல முடிந்தது.

“ஆரம்பிச்சது நீங்கதானே மச்சான்” என்றான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறது. ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் பேசுகிறோம். அங்கே மழையா, தண்ணீர் வருகிறதா, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள். பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கோபம் எதுவும் மிச்சமில்லை. பழக்கம்தான் விட்டுப்போய்விட்டது. மகன் மாமா என்றுதான் கூப்பிடுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் மனைவி போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். “ரெண்டு தெருவுலதாங்க இருந்தாங்க, அத்தனை வருஷமும்” என்றாள். எழுந்து துணி மடிக்கப் போனாள். நானும் கூடப் போய் மடித்தேன்.