தெருவைப் பார்த்த கழிப்பறை

ஷீலா வாடகைக்குப் பிடித்த கடையில் அதற்கு முன்பு ஆறு வருடம் பிராய்லர் கோழி வெட்டினார்கள். அவர்கள் காலி செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் ஷட்டரைத் தூக்கினால் பழைய ரத்தமும் கொழுப்பும் ஈர இறகும் கலந்த வாடை முகத்தில் வந்து அப்பும். முதல் நாள் அந்தோணிசாமி மேஸ்திரி தரையிலிருந்த சாக்கடை மூடியைப் பெயர்த்துக் கம்பியை விட்டு இழுத்தார். சோப்புக்கட்டி போல வெளுத்து இறுகிய கொழுப்பு முழ நீளத்துக்கு வெளியே வந்தது. அதைக் கம்பியோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டாக்டரம்மா, இத்த பாத்தப்பறம் ஜென்மத்துக்கும் சிக்கன் துன்ன மாட்டேன்" என்றார். மத்தியானம் அவர் பிரித்தது சிக்கன் பிரியாணிப் பொட்டலம்தான்.

ஷீலா நான்கு நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். இரவில் பொழிச்சலூர் வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் நகக்கண்ணில் அந்த வாடை இருந்தது. சாப்பிடக் கையை வாய்க்குக் கொண்டுபோனால் குமட்டியது. ஸ்பூனால் சாப்பிட்டாள்.

இருந்தும் அந்தக் கடையை அவள் விடவில்லை. காரணம், அதற்குப் படி இல்லை. மழை வெள்ளத்துக்குப் பயந்து பெருங்களத்தூரில் எல்லாரும் நாலு படி, ஐந்து படி ஏற்றிக் கட்டிவிட்டார்கள். கோழிக்கூடைகளைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்ததால் இந்த ஒரு கடை மட்டும் தெருவோடு தெருவாகத் தங்கிவிட்டது. சக்கர நாற்காலி நேராக உள்ளே வரும். பதினோரு வருடம் ஒரு தனியார் மையத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தவள். காலையும் மாலையும் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்ப் பக்கவாதக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள். முப்பத்தொன்பது வயதில் சொந்தமாக ஓர் இடம். ஐநூறு சதுர அடி. அதற்கு வரைபடம் போட உட்கார்ந்தபோது அவள் முதலில் வரைந்தது கழிப்பறையை.

ஐந்துக்கு ஏழு. மூன்றடி அகலக் கதவு, வெளிப்பக்கம் திறப்பது. நாற்காலி உயரத்துக்குக் கோப்பை, இரண்டு பக்கமும் பிடித்து எழுந்திருக்க எஃகுக் கம்பி. அதைப் போட்ட பிறகு மிச்சமிருந்த இடத்தில்தான் கட்டில், நடைக்கம்பி, மெஷின் எல்லாம்.

கூடப் படித்த ஜெயஸ்ரீ சிறுசேரியில் மையம் வைத்திருப்பவள். வரைபடத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு உடனே போன் செய்தாள்.

"ஏய், உனக்குப் பைத்தியமா? என் சென்டர்ல டாய்லெட்டே கிடையாது. கீழ ஃபுட் கோர்ட்டுக்குப் போயிக்குவாங்க."

"நடக்க முடியாதவங்க?"

"நடக்க முடியாதவங்கள நான் எடுக்கறதே இல்லப்பா. கழுத்து வலி, முதுகு வலி, ஜிம்ல சுளுக்கு, அவ்ளோதான். ஸ்ட்ரோக் கேஸ் நாலு பேர் உள்ள வந்தாப் போதும், ஒரு மாதிரி வாடை வந்துரும். ரூம் ஃப்ரெஷ்னர் அடிச்சாலும் போகாது. அப்புறம் ஐ.டி. பசங்க ஒருத்தன் வர மாட்டான்."

ஷீலா சரி சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். ஜெயஸ்ரீ மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. அதில் பாதி தன் மேலேயே வந்தது. அந்த வாடையைப் பற்றி ஜெயஸ்ரீ சொன்னது ஒன்றும் புதிதில்லை.

கடையின் பின்பக்கம், வடகிழக்கு மூலையில், செப்டிக் டேங்குக்குப் பக்கமாகத்தான் கழிப்பறைக்கு இடம் பார்த்திருந்தாள். மேஸ்திரி அங்கே குழி தோண்டிய அன்று வீட்டுக்காரர் சம்பத் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அந்தத் தெருவும் அடுத்த இரண்டு தெருவும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல்வயல். இப்போது கீழே கடைகள், மேலே வீடு.

"இன்னாமா இது?"

"டாய்லெட் சார்."

"அதான் மாடிப்படிக்குக் கீழ ஒண்ணு கீதே."

இருந்தது. ஷீலா அதை ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தாள். இரண்டடி அகலக் கதவு. ஓர் அடி உயரப் படி. உள்ளே குந்தி உட்காரும் பீங்கான், அதன் நிறம் என்னவென்று சொல்ல முடியாது. சுவரில் யாரோ கையைத் துடைத்திருந்தார்கள். ஒருவர் அல்ல, ஆறு வருடமாகப் பலர். மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தியவள், வெளியே வந்து தெருவோரம் வாந்தி எடுத்தாள்.

"அதுல அவங்களால உக்கார முடியாது சார்."

"எவங்களால?"

"ஸ்ட்ரோக் வந்தவங்க. கை கால் வராதவங்க."

சம்பத்தின் முகம் கோணியது. "பிசியோன்னா எதோ ஷாக்கு வெக்கறது, முட்டிக்கு மெசினு வெக்கறதுன்னு நெனச்சேன். இது ஈசானிய மூலைமா. ஈசானியத்துல கக்கூஸ் வெச்சா குடும்பம் வெளங்குமா?"

"இந்த மூலைலதானே சார் கோழி வெட்டுற மேடை இருந்துது?"

"அது யாவாரம்மா" என்றார் சம்பத். "இது பீ."

மேஸ்திரி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வாஸ்துக்காரர் தினகரன் வந்து பார்த்துச் சொல்கிறவரை குழியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு சம்பத் மேலே போனார்.

மூன்று நாள் வேலை நின்றது. ஷீலா அரைகுறையாய்ப் பூசிய சுவர்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வேறு வேலை இல்லாதபோது அண்ணன் நினைப்பு வராமல் இருக்காது.

ஜெரோம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். அவளைவிட ஏழு வயது மூத்தவன். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் அவனும் அவளும்தான். நாற்பத்து நான்கு வயதில் பக்கவாதம் வந்து அவனுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் அவளே பயிற்சி கொடுத்துப் பார்த்தாள்; தங்கை சொல்லி எழுந்து நிற்க அவனுக்குக் கூச்சம். அதனால் தான் வேலை பார்த்த மையத்துக்கே கூட்டிப்போனாள். மூன்றாம் மாடி. நோயாளிகளுக்கென்று இருந்த கழிப்பறை கீழே, வண்டி நிறுத்தும் இடத்தைத் தாண்டி.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, லிஃப்டில் ஏழு பேர் இருந்தார்கள். ஜெரோமின் பேண்ட் நனைந்தது. எஃகுத் தரையில் அது ஓடி மற்றவர்களின் செருப்பைத் தொட்டது. வாடை எழுந்தது. ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். ஒரு பெண் "ச்சீ" என்று புடவையைத் தூக்கிப் பிடித்தாள். சீருடைக் கோட்டு போட்டிருந்த ஷீலா ஓர் எட்டு பின்னால் வைத்தாள். அதோடு நிற்கவில்லை. கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தாள், பக்கத்தில் நிற்பவனை யாரென்றே தெரியாததுபோல. ஒன்று. இரண்டு. மூன்று.

ஜெரோம் தன்னைப் பார்த்தான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, "நாளைலேருந்து வேணாம் ஷீலா" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. பிறகு அவன் வாசலைத் தாண்டவே இல்லை. பதினான்கு மாதம் படுத்தே கிடந்து, முதுகில் புண் வைத்து, போன ஜூன் மாதம் இறந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள், நீ இருந்ததால்தான் இத்தனை நாள் இருந்தான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அந்தக் கையைக் கழுவ வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை தினகரன் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் திசை காட்டும் போன். சம்பத்தின் மனைவி தாயாரம்மாளும் இறங்கி வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி வாசலில் நின்றாள். தினகரன் குழியை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"ஈசானியத்துல வரவே கூடாது சார். தெய்வம் வர்ற வழி."

"கேட்டுக்கமா" என்றார் சம்பத்.

ஷீலா, "சரி சார், அப்ப எங்க வரலாம்?" என்று தினகரனைக் கேட்டாள்.

யாரும் இதுவரை அவரிடம் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் உற்சாகமானார். "வாயு மூலை. வடமேற்கு. சாஸ்திரப்படி கழிவுக்குன்னே உள்ள எடம் அதான்." போனைப் பார்த்துக்கொண்டே கடையின் நீளத்துக்கு நடந்தார். மேற்குப் பார்த்த கடை. நடந்து, நடந்து, தெருவாசலுக்கு வந்து, கண்ணாடி போட்டு வரவேற்பு மேஜை வைக்கலாம் என்று ஷீலா நினைத்திருந்த இடத்தில் நின்றார். "இதோ. இங்க."

குழியருகே நின்ற மேஸ்திரி அளவுநாடாவோடு முன்னால் வந்தார்.

"யோவ், அது வாசப்பக்கம்யா!" என்றார் சம்பத்.

"வாசப்பக்கமோ கொல்லப்பக்கமோ, தெச தெசதான் சார்."

"எனக்குச் சம்மதம்" என்றாள் ஷீலா. "கதவு உள்பக்கம் ஹாலப் பாத்து வரட்டும். பைப்ப பக்கத்துச் சந்து வழியா டேங்குக்கு எடுத்துட்டுப் போயிடலாம். முடியுமாண்ணா?"

"முடியும் டாக்டரம்மா. வாட்டம் மட்டும் கரெக்டா குடுக்கணும்" என்றார் மேஸ்திரி.

சம்பத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "ஈசானியமாவது வாயுவாவது. பச்சையா சொல்றேன் கேட்டுக்க. மேல என் பொண்ணு ஓவியாவுக்கு மாப்ள பாத்துகினு கீறோம். வர்றவன் வாசல்ல மொதல்ல இன்னா பாப்பான்? வாய் கோணிகினு, எச்சி ஒழுக்கினு, கால இழுத்துகினு வர்ற ஜென்மங்கள. அதுங்க கக்கூஸ் போற வாடைய. நெனச்சாலே கொமட்டிகினு வருது. கோழி நாறும், ஆனா சனம் வந்து வாங்கிகினு போவும். இது இன்னாத்துக்கு?"

ஷீலா அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்து, மேலுதடு தூக்கி நின்ற அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். லிஃப்டின் எஃகுச் சுவரில் அது அன்று தெரிந்தது.

"இங்க கட்ட விடுங்க, இல்ல அட்வான்ஸக் குடுத்துருங்க சார். நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றாள்.

"தாராளமா. கோழிக்கடைக்காரன் திருப்பிக் கேட்டுகினுதான் கீறான்."

அப்போதுதான் தாயாரம்மாள் வாயைத் திறந்தாள். முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

"கோழிக்கடைய வுட்டு பாரு. எங்க அம்மா வூட்டுக்குப் பூடுவேன். ஆறு வருசமா நான் சோத்துல ரத்த வாட மோந்துகினு துன்னேன்யா. நொண்டிய பாத்தா கண்ண மூடிக்கலாம். மூக்க எத்தினி வருசம் மூடிகினு கெடக்கறது?" தினகரன் பக்கம் திரும்பி, "அவரு காட்டின எடத்துல போர் போட்டு தண்ணி வந்துதா இல்லியா? அவரு சொன்ன எடத்துலயே கட்டட்டும்" என்றாள். சம்பத் எதையோ சொல்ல வாயெடுத்தார். அவள் மேலே போய்விட்டாள்.

அப்படித்தான் அனுமதி கிடைத்தது. ஷீலாவுக்கு ஜெயித்ததுபோல இல்லை. இரண்டு அருவருப்பில் எது பெரியது என்று நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவளுடைய ஆட்கள் கோழியைவிடச் சற்று தேவலை என்று முடிவாகியிருக்கிறது. மேஸ்திரி, "அப்ப குழிய மூடிடலாமா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. பழக்க தோஷத்தில் மேஸ்திரி கதவுக்கு இரண்டரை அடிதான் விட்டிருந்தார். இடிக்கச் சொன்னாள். "பாத்ரூம் கதவு மூணடியா? கல்யாண மண்டபமா இது?" என்று முனகிக்கொண்டே இடித்தார். கோப்பையைத் தெருவோரச் சுவருக்குப் பக்கத்தில் பார்த்தவர்கள், ஊருக்குப் போகிற பஸ்ஸுக்காகப் பையும் மூட்டையுமாக நின்றவர்கள், "கட்டணக் கழிப்பிடமாம்மா? எப்போ தொறப்பீங்க?" என்று வந்து கேட்டார்கள். ஒருவன் கேட்காமலேயே புது வெளிச்சுவரில் நனைத்துவிட்டுப் போனான். ஷீலா பினாயில் ஊற்றித் தேய்த்தாள்.

திறந்த இரண்டாம் நாள் கோகிலவாணி என்ற அம்மாள், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற தன் கணவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாள். இடப்பக்கம் விழுந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவருக்குப் பேச்சு குழறும்; அதனால் பேசுவதே இல்லை. நடைக்கம்பியைப் பிடித்து நாலாவது தடவை நடந்தபோது சட்டென்று நின்று, கழிப்பறைக் கதவைப் பார்த்தார். கோகிலவாணி உடனே துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் தலையை அசைத்தார். வேண்டாம்.

ஷீலா இடுப்பில் கை கொடுத்து உள்ளே கூட்டிப்போனாள். அவர் கம்பியைப் பிடித்தார், திரும்பினார், உட்கார்ந்தார். பிறகு அவளையும் பார்த்துக் கதவைக் காட்டினார். வெளியே போ. விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு கணம் யோசித்துவிட்டு வெளியே வந்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கழுத்து வலிக்காகக் காத்திருந்த இளைஞன் ஒருவன் போனிலிருந்து தலை தூக்கினான். கதவிடுக்கு வழியாக வாடை வந்தது. கொஞ்சமாக இல்லை. அவன் டி-ஷர்ட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு எழுந்து தெருவுக்குப் போனான். மாடிப்படியருகே நின்ற சம்பத், "சொன்னனா இல்லியா டாக்டரம்மா" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நகர்ந்தார். ஷீலாவுக்கும் குமட்டியது. ஜெரோமுக்காக இத்தனையும் செய்தால் அது போய்விடும் என்று எங்கோ நம்பியிருந்தாள். போகவில்லை. கதவுக்கு ஓர் எட்டு தள்ளி, கூப்பிட்டால் உடனே போகும்படியாக நிற்க வேண்டிய இடத்தில், அதை மூச்சில் இழுத்துக்கொண்டு நின்றாள்.

கோகிலவாணி மட்டும் பையோடு நடு ஹாலில் நின்றிருந்தாள்.

"தாழ்ப்பாள் போட்டுட்டாரும்மா" என்றாள், யாரிடமும் சொல்லக் கூடாததைச் சொல்வதுபோல. "வீட்ல நான் எதிர்ல நின்னாத்தான் ஆவும். ஒன்ற வருசமா. அவருக்கும் புடிக்காது, எனக்கும் புடிக்காது. சொல்லிக்கறது இல்ல."

"உக்காருங்கம்மா" என்றாள் ஷீலா.

அவள் உட்கார்ந்தாள். சற்றுப் பொறுத்து, பொறுக்காமல், "என்னங்க, ஆச்சா?" என்றாள்.

"இரு" என்று உள்ளேயிருந்து எரிச்சலாக ஒரு குரல் வந்தது.

"இருங்க, இருங்க. எனக்கென்ன வேலை கெடக்குது" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கோகிலவாணி செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.