பல்கலைக்கழகத்தில் குடிக்காத தண்ணீர்

தைலமரத்து இலைகள் வெயிலில் காய்ந்து காலில் நொறுங்கும் வாசனை எங்கே வந்தாலும் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருந்த பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். இடத்தைப் பார்க்காமல் பெண்ணை அனுப்புவதில்லை என்று அவர் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஓசூரில் பஸ் ஏறினார்.

பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையின் "வீடு பாக்க"ப் போகும்போது கட்டும் அதே சலவை வேட்டியில்தான் நைனா கிளம்பினார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. கிணறு, மாட்டுக்கொட்டகை, அடுப்படி எல்லாம் சுற்றிப் பார்த்து மனசு ஒப்பினால்தான் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்தால் சம்மதமில்லை என்று அர்த்தம். அக்காவுக்கும் அது தெரியும். அதனால் அன்றைக்கு அவள் கட்டடங்களை விட நைனாவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள்.

வாசலுக்குள் நுழைந்த பிறகும் தைலமரங்களுக்கு நடுவே உள்ளேயே ஒரு பஸ் ஓடியது. மண்ணை ஆராய ஒரு கட்டடம், பூச்சிக்கு ஒன்று, நட்சத்திரத்துக்கு ஒன்று; எங்கள் ஊரே படுத்துத் தூங்கும் அளவுக்கு ஒரு நூலகம்; பாத்தி பாத்தியாகப் பிரித்துக் குச்சி நட்ட கேழ்வரகு வயல். நைனா குனிந்து கதிரைத் தடவி, "பயிரு நல்லாத்தான் வெச்சிருக்கான்" என்றபோது அக்கா சிரித்தாள். ஆனால் அவர் போகிற இடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இந்த எடத்துக்குப் பெரியவரு யாருங்க?" அலுவலகத்தில் துறைக்கு ஒரு தலைவர் உண்டு என்றார்கள். காவலாளி, "இங்க எல்லாருமே பெரியவருதான் சாமி, நான் ஒருத்தன்தான் சின்னவன்" என்றான்.

கடைசியாகப் பெண்கள் விடுதி. சமையற்கார அம்மா டம்ளரில் தண்ணீர் நீட்டினாள். நைனா வாங்கிக்கொண்டார். வெயிலில் அவர் உதடு வெடித்திருந்தது.

"புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரும்மா கேப்பாங்க?"

"ஆஸ்பத்திரி இருக்குது, ஆபீஸ் இருக்குது."

"ஒரு ஆளு பேரு சொல்லும்மா."

"இத்தினி புள்ளைங்க இருக்கற எடத்துல ஒரு ஆளு பேரு கேட்டா, நான் எங்க போவேன்!"

அவள் சிரித்துவிட்டாள். நைனா டம்ளரைச் சுவர்மேல் வைத்தார்.

"ஒரு வாய் குடி நைனா," என்றாள் அக்கா.

"பெரிய எடம்மா, குறை சொல்லல. ஆனா யாரு கையில உன்னக் குடுத்துட்டு வர்றது?"

ஓசூர் பஸ் நிலையத்துக் குழாயில் அவர் மடமடவென்று குடித்தபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் நைனா கேட்டு வாங்கித் தண்ணீர் குடித்தாராம். அங்கே பெரியவர்கள் நிறைய இருந்தார்கள். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் யாரும் கேட்கவில்லை.

நைனா இப்போது இல்லை. அத்தானும் இல்லை. ஓசூரில் கம்பெனி வேலைக்கு வரும் பெண்கள் தங்கும் விடுதியை அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். நான் அந்த விடுதிக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறேன். தெற்கிலிருந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு எந்த அப்பா வந்தாலும் அக்கா சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்து, "இங்க பெரியவ நான்தாங்க, எம் பேரு சரோஜா" என்கிறாள். அந்தப் பழைய முறை யாருக்கும் தெரிவதில்லை. "இருக்குதும்மா" என்று கையிலிருக்கும் பாட்டிலைக் காட்டுகிறார்கள். அக்கா சொம்போடு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறாள்.