தேவாலயத்தைச் சுற்றப் போனேன்

போன ஜூனில் மகள் கலா என்னை நார்வேயில் ட்ரொன்ஹெய்ம் என்ற ஊருக்குக் கூட்டிப் போனாள். அங்கே மிகப் பழைய கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. என்னை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் டிக்கெட் வாங்கப் போனாள். எனக்கோ எங்கள் ஊர் சிராங்கூன் சாலைக் கோயிலில் செய்வதுபோல மூன்று சுற்று வந்துவிட்டு உள்ளே போக ஆசை. சொன்னால் சிரிப்பாளோ என்று கூச்சம். சொல்லாமலே நடந்தேன். கைப்பேசியும் அவள் பையில்தான் இருந்தது.

இரண்டு சுற்று முடிந்தபோது கலா எதிரே ஓடி வந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"எங்கம்மா போனீங்க? உங்க பின்னாடியேதான் நானும் சுத்தியிருக்கேன் லா, திரும்பி எதிர்ப்பக்கமா வந்தப்பதான் கண்ணுல பட்டீங்க. போலீசைக் கூப்பிட இருந்தேன்."

"சாமியைச் சுத்தினேன்மா."

கூடவே வந்த வாசல் காவல்காரப் பெண் என்னவென்று கேட்டு, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். கலா சிரித்துவிட்டாள்.

"அந்தக் காலத்துல இங்க யாத்திரையா நடந்து வந்தவங்களும் மூணு சுத்து சுத்திட்டுத்தான் உள்ள போவாங்களாம். உங்களுக்கு எத்தனை முடிஞ்சுது?"

"ரெண்டு."

"வாங்க, மூணாவது சேர்ந்தே போவோம்."

என் கையை அவள் விடவே இல்லை.

இப்போதெல்லாம் கைப்பேசியை நானே வைத்துக்கொள்கிறேன். எந்தக் கோயிலானாலும் சொல்லிவிட்டுத்தான் சுற்றப் போகிறேன். யாரும் சிரிப்பதில்லை.