ஒகோனோமியாகியை அமுக்காதீர்கள்

சனிக்கிழமை வந்த கோபம். இன்றைக்குப் புதன். இன்னும் அடங்கவில்லை.

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட டிரைவில் ஒரு சின்ன ஜப்பான் கடை திறந்திருக்கிறார்கள். ஆறே மேஜை. ஒவ்வொரு மேஜைக்கு நடுவிலும் தோசைக்கல் மாதிரி பெரிய இரும்புக்கல். ஒசாகா பக்கத்து அயிட்டமாம் — ஒகோனோமியாகி. முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, மாவிலும் முட்டையிலும் கலந்து, நம் கண்ணெதிரிலேயே தடிமனாக ஊற்றி வேகவைக்கிறார்கள். முதலாளி, சமையல், சர்வர் எல்லாமே ஐம்பது வயது அம்மா ஒருவர்தான்.

மூன்று குடும்பமாகப் போனோம். ஆபீஸ் நண்பர் செந்தில், பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“அட, இது நம்ம ஊத்தப்பம்தாங்க. பேரு மட்டும்தான் ஜப்பான்.”

இது என்ன வியாதியோ... மெக்ஸிகோக்காரர் சுட்டால் சப்பாத்தி, எத்தியோப்பியாக்காரர் சுட்டால் ஆப்பம். உலகத்தில் யார் எதைச் சமைத்தாலும் அது நம்முடையதாகத்தான் இருக்க வேண்டுமா? சரி, வாயால் சொன்னதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

அந்த அம்மா மாவை ஊற்றிவிட்டு, தட்டையான கரண்டியை மேஜையோரம் வைத்தார். “ப்ளீஸ்... டோன்ட் பிரஸ். வெயிட் டென் மினிட்ஸ்” என்றார். சிரித்த முகம். கையால் சைகை வேறு. அமுக்கினால் உள்ளே பஞ்சு மாதிரி வராதாம்.

அவர் அடுத்த மேஜைக்கு நகர்ந்ததுதான் தாமதம், செந்தில் கரண்டியை எடுத்துவிட்டார்.

“என்னங்க இவ்ளோ கனமா ஊத்தி வெச்சிருக்காங்க? உள்ள வேகவே வேகாது. இழுத்து விட்டா ரெண்டு நிமிஷத்துல மொறுமொறுன்னு வந்துரும்.”

சொல்லிக்கொண்டே வட்டமாக இழுத்துத் தேய்த்தார். அவர் மனைவி ஹேண்ட்பேகிலிருந்து இட்லிப்பொடி டப்பாவை எடுத்துத் தூவினார். “இதப் போட்டாத்தான் எறங்கும்.”

முட்டைக்கோஸ் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். அடியில் கருகல், மேலே பச்சை. ஓடி வந்த அம்மா கல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக ஊற்றட்டுமா என்று கேட்டார். செந்தில் வேண்டாமென்று கையாட்டினார். அந்த மேஜையிலேயே உட்கார்ந்து போனில் ரிவ்யூவும் எழுதினார். ‘வேகவில்லை. டேஸ்ட் இல்லை.’ ஒரே ஒரு ஸ்டார்.

திறந்து ஒரு மாதம்கூட ஆகாத கடை. மொத்தமே நாலைந்து ரிவ்யூதான். ஒரு ஸ்டார் விழுந்தால் அந்த அம்மாவின் பிழைப்பு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? ஸ்டார் பார்க்காமல் டீ குடிக்கக்கூடப் போகாத மனிதர்.

என் மகள் காதோரம் கேட்டாள். “அப்பா, ஆரன்ட் யூ கோனா சே சம்திங்?”

“விடும்மா. வாராவாரம் பாக்கற மனுஷங்க.”

ஆமாம்... வாராவாரம் இந்தப் பக்கத்தில் எழுதி ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள்தான் அப்படிச் சொன்னேன். என் கோபத்தில் பாதி யார் மேல் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

மறுநாள் மதியம் தனியாகப் போனேன். தப்பு எங்களுடையது என்று சொல்லிவிட வேண்டும் — காரில் நாலு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். கடையில் வேறு யாருமில்லை. அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஒன்றும் கேட்காமல் மாவை ஊற்றினார். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, மேலே இனிப்பும் புளிப்புமாக ஒரு கருப்பு சாஸ். ஊத்தப்பத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவ்வளவு ருசி.

வாயைத் துடைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பிக்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார். இடுப்பு வரை குனிந்து, “எஸ்டர்டே... நாட் குட். மை மிஸ்டேக். ஐ ஆம் வெரி சாரி” என்றார்.

ஒத்திகை பார்த்த வாய் என்ன சொன்னது தெரியுமா? “இட்ஸ் ஓகே.”

மன்னிப்புக் கேட்கப் போனவன், அவரை மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.