ஒற்றைப்படைக்காகக் கூப்பிட்ட கீழ் வீட்டு அக்கா

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. செம்பாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எனக்கு வளைகாப்பு. வயிற்றில் இரட்டைக் குழந்தைகள்.

ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்த நாளிலிருந்தே வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. என் கணவர் டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலை நீளமும் அகலமுமாக அளந்தார். இரண்டு தொட்டில் கட்டினால் டி.வி. எங்கே போகும் என்பதுதான் அவருடைய பெரிய கவலை. குரோம்பேட்டையில் இருக்கும் என் அம்மா, போனை எடுத்தாலே எனக்கு இரண்டு பங்கு சாப்பாடு போதாது, மூன்று பங்கு வேண்டும் என்று கணக்கு சொல்வாள். என் மாமியார், அதாவது அத்தை, ஒரே பிடியாக இருந்தார். பிறக்கும் முன் குழந்தைகளுக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கக் கூடாது. நானும் வாங்கவில்லை. இரட்டைத் தள்ளுவண்டி ஒன்றை போனில் தினம் ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பார்ப்பதற்குத் தடை ஒன்றும் சொல்லவில்லையே.

எனக்கு என்ன உபாதை வந்தாலும் வீட்டில் ஒரே பதில் தயாராக இருக்கும். மூச்சு வாங்குகிறது என்றால், “ரெட்டையாச்சே.” தூக்கம் வரவில்லை என்றால், “ரெட்டையாச்சே.” கால் வீங்கி என் செருப்பு எதுவும் நுழையாமல் கணவரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தபோதும் அதேதான். கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிவிட்டது. யாராவது கேட்டால் நானே முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் சனிக்கிழமை எனக்கு டாக்டரிடம் போக வேண்டிய முறை. வீட்டில் தலைக்கு மேல் வேலை. ஊரிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை போனால் போச்சு என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். ஒரே ஒரு செக்கப்தானே!

ஞாயிறு காலை எழுந்ததிலிருந்தே பின்மண்டையில் ஒரு வலி. சாம்பிராணிப் புகை, தலை நிறையப் பூ, கனமான பட்டுப்புடவை, இதில் தலைவலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று நினைத்து ஒருவரிடமும் சொல்லவில்லை. மணையில் உட்கார்ந்த பிறகு கண் முன்னால் சின்னச் சின்னப் புள்ளியாக மினுக்கியது. எதிரே போட்டோகிராபர் விடாமல் ஃபிளாஷ் அடித்துக்கொண்டிருந்தார். அதன் வேலை என்று விட்டுவிட்டேன்.

முதலில் அத்தைதான் வளையல் போட்டார். குரோம்பேட்டைக் கடையில் என் அளவு வளையலைக் கொடுத்து, பத்து நாளைக்கு முன்னால் வாங்கி வந்த கண்ணாடி வளையல்கள். மணிக்கட்டுக்கு வரவே மாட்டேன் என்றன. “பாருங்கடி, பத்தே நாள்ல எப்படி பூசினாப்ல ஆயிட்டா!” என்று அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. யாரோ சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். கையைக் குழைத்து, அழுத்தி, ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். வலியில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் என்று ஒரு பெரியம்மா மூக்கைச் சிந்தினார்.

வளையல் போடும் பெண்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். வர வேண்டிய ஒரு சித்தி பல்லாவரத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். ஓர் ஆள் குறைந்தது. கீழ் வீட்டில் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஓர் அக்காவைக் கூட்டி வரச் சொன்னார் அத்தை. அதுவரை அந்த அக்காவுக்கும் எங்களுக்கும் இருந்த உறவெல்லாம் தண்ணீர் மோட்டாரை நீங்கள் போட்டீர்களா, நாங்கள் போட்டோமா என்பது மட்டும்தான். அவர் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, மதியக் குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாராம். கையைக் கழுவி, அவசரமாக ஒரு புடவையைச் சுற்றிக்கொண்டு, கூச்சத்தோடு வந்து நின்றார்.

சந்தனம் பூசினார். குங்குமம் வைத்தார். வளையலை எடுத்து என் விரல்கள் வரை கொண்டுவந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். “சோப்பு போட்டு அழுத்துங்க, போயிடும்” என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவர் வளையலைத் தட்டிலேயே வைத்தார். என் புறங்கையைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். மாவில் அழுத்தின மாதிரி ஒரு குழி விழுந்தது. அது மேலே வரவே இல்லை.

“தலை வலிக்குதாம்மா?” என்று என் காதோடு கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் யாரிடமும் சொல்லாத விஷயம். ஆமாம் என்றேன். கண்ணில் ஏதாவது மினுக்குகிறதா என்று கேட்டார். போட்டோகிராபர் ஃபிளாஷ் அடிக்கிறார் இல்லையா, அதனால்தான் என்றேன். அவர் திரும்பி, “தம்பி, கொஞ்ச நேரம் போட்டோ எடுக்காதீங்க” என்றார். ஃபிளாஷ் நின்றது. என் கண் முன்னால் புள்ளிகள் நிற்கவில்லை. அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. வயிற்றுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பு அன்றைக்கு முதன்முறையாகச் சந்தோஷமாக இல்லாமல் திகிலாக இருந்தது.

அந்த அக்கா எழுந்து அத்தையிடம் நேராகவே சொன்னார். “ஆன்ட்டி, இது வெறும் வீக்கம் இல்ல. பிரஷர் ஏறியிருக்கும்னு தோணுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பசங்களுக்கும் ஆபத்து, இவளுக்கும் ஆபத்து.”

பாட்டு நின்றுபோனது. ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இது என்ன பேச்சு என்று ஒருவர் முணுமுணுத்தார். கூப்பிட்ட மரியாதைக்கு வந்தோமா, வளையலைப் போட்டோமா என்று இல்லாமல் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாளே என்று இன்னொருவர் சத்தமாகவே சொன்னார். அத்தை முகம் இறுகிவிட்டது. ரெட்டைப் பிள்ளை என்றால் வீங்கத்தான் செய்யும், ஆரத்தி எடுத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றார்.

“என்னை எவ்வளவு வேணா திட்டுங்க ஆன்ட்டி. வீட்ல பிரஷர் மெஷின் இருக்கா? அதை மட்டும் ஒரு தடவை வச்சுப் பாருங்க. சரியா இருந்தா நான் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்.”

மாமாவின், அதாவது என் மாமனாரின், மெஷின் இருந்தது. பேட்டரிதான் இல்லை. அதைக் கழற்றித்தான் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டிருந்தார்கள். என் கணவர் ஸ்டூல் மேல் ஏறிக் கடிகாரத்தை இறக்கினார். என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்ததும் மேல் எண் நூற்று எழுபதைத் தாண்டிவிட்டது. மெஷின் கோளாறாக இருக்கும் என்று சொல்லி மாமா தன் கையில் சுற்றிப் பார்த்தார். அவருக்கு ஒரு குறையும் இல்லாமல் காட்டியது. அதற்குப் பிறகு ஆரத்திக்காக யாரும் காத்திருக்கவில்லை.

கீழே வந்தால் எங்கள் காருக்குக் குறுக்கே சாப்பாடு கொண்டுவந்த ‘குட்டியானை’ லோடு வண்டி நிற்கிறது. கணவர் நகர்த்தச் சொல்லிக் கத்தினார். டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அத்த நவுத்தி, இத்த எடுத்து இன்னாத்துக்குண்ணா? நம்ம வண்டிலயே ஏறச் சொல்லு. சேலையூர் ரூட்டு எனக்குத் தண்ணி பட்ட பாடு” என்றார். முன்னால் என்னையும், என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அந்த அக்காவையும் ஏற்றினார்கள். பின்னால் காலி அண்டாக்களுக்கும் புளியோதரைப் பாத்திரத்துக்கும் நடுவில் என் கணவர், அம்மா, பட்டுப்புடவையோடு அத்தை. கேம்ப் ரோடு சந்திப்பில் முகூர்த்த நாள் கூட்டம். டிரைவர் தலையை வெளியே நீட்டி, “புள்ளத்தாச்சி வண்டிபா, வழி வுடு!” என்று கத்திக்கொண்டே போனார். அந்த அக்கா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று ஜெபம் செய்துகொண்டே வந்தார். நான் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

தாம்பரத்தில் நான் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், கை இன்னும் வீங்கும், வளையல்களைக் கழற்றுங்கள் என்றார் நர்ஸ். அங்கேதான் அடுத்த சிக்கல். சோப்புப் போட்டு ஏற்றிய வளையல் எந்தச் சோப்புக்கும் இறங்கவில்லை. உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றதும் என் அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். வளைகாப்பு வளையல் பிரசவம் முடியும் வரை கையில் இருக்க வேண்டும். அதை, போட்ட அன்றைக்கே உடைப்பது என்றால் எந்தத் தாய்க்கு மனசு வரும்?

அத்தைதான் முன்னால் வந்தார். நாள் நட்சத்திரம் பார்க்காமல் வாசல் படி தாண்டாத மனுஷி அவர். என் மணிக்கட்டுக்கு அடியில் துணியை நுழைத்துச் சுற்றினார். நர்ஸ் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். “அழாதீங்க சம்பந்தி. நான்தானே போட்டேன், நானே எடுக்கிறேன். புள்ளைங்க நல்லபடியா வந்தா போதும், வளையலா பெருசு?” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக நெரித்து உடைத்தார். ஒரு கீறல்கூட என் மேல் விழவில்லை. அவர் விரலில்தான் ரத்தம் வந்தது. அதுவரை அவரைப் பற்றி என் மனதில் இருந்த சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துபோயின.

இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், அப்புறம் மூன்று உயிருக்கும் தன்னால் பொறுப்புச் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். பிரஷருக்கு மருந்து, வலிப்பு வராமல் இருக்க மருந்து, குழந்தைகளின் நுரையீரலுக்கு ஊசி என்று ஒரு வாரம் இழுத்துப் பிடித்தார்கள். பிறகு ஆபரேஷன். இரண்டும் பெண். இரண்டு பேரும் என் கணவரின் உள்ளங்கையைக் கொஞ்சம் தாண்டித்தான் இருந்தார்கள். இன்குபேட்டரில் வைத்துவிட்டார்கள்.

வீட்டில் அவர்களுக்கென்று ஒரு துணியும் கிடையாது, அதுதான் வாங்கக் கூடாதே! நர்ஸ் மெத்தென்ற துணி கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீழ் வீட்டு அக்கா தன் பழைய பருத்திப் புடவைகளைக் கொதிக்க வைத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, சதுரம் சதுரமாகக் கிழித்து ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். புதுசைவிடப் பழசுதான் குழந்தைக்கு நல்லது என்று அத்தைக்கும் அதில் ஒரே திருப்தி. என் பெண்கள் இந்த உலகத்தில் முதலில் உடுத்தியது அந்தப் புடவையைத்தான்.

ஒரு மாதம் கழித்துக் குழந்தைகளோடு வீட்டுக்கு வந்தோம். அத்தை இலை போட்டு அந்த அக்காவை உட்கார வைத்துப் பரிமாறினார். அன்றைக்குத் திட்டிய உறவுக்காரர்களைப் பற்றி நான் வருத்தத்தோடு பேச்செடுத்தேன். அப்போதுதான் அந்த அக்கா சொன்னார்.

“என் தங்கச்சி வளைகாப்புலயும் கை இப்படித்தான் இருந்துச்சு. தலைவலிக்குதுக்கான்னு எங்கிட்ட மட்டும் சொன்னா. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களே, நாம எதுக்குக் கெடுக்கணும்னு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அவ பொழைச்சிட்டா. புள்ளை இல்ல.” சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தை அவர் தோளில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். நன்றி என்ற வார்த்தையை அன்றைக்கு நான் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. எத்தனை தடவை சொன்னாலும் போதாது என்று மட்டும் தெரிந்தது.

நல்ல காரியம் நடக்கும் வீட்டில் கெட்டதைப் பேசக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இப்போது எந்த வளைகாப்புக்குப் போனாலும், அந்தப் பெண்ணிடம் தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, செக்கப்புக்கு ஒழுங்காகப் போனாயா என்று கேட்டுவிட்டுத்தான் சந்தனத்தையே தொடுகிறேன். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளித்தால் சுளிக்கட்டும். முன்பின் பழகாத எனக்காக, நிறைந்த சபையில் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ள ஒருத்தி துணிந்ததால்தான், இதை எழுதவிடாமல் இரண்டு பேர் இப்போது என் இரண்டு தோளிலும் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.