படையலுக்கு வந்தவன்

இதில் ஒரு வரி கூட என் கற்பனை இல்லை. சுவேதாவும் நானும் கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறோம். ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்கள். ஆலப்பாக்கம் தாண்டும்போது ஆரம்பித்தாள். சிதம்பரம் வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. கேட்டுவிட்டு அன்றைக்கு நான் ராத்திரி சாப்பிடவில்லை. உங்களுக்கு நெஞ்சில் தைரியம் இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை.

சுவேதாவின் தம்பி எழிலன். இருபத்தாறு வயது. அப்பா இல்லாத வீடு. சிதம்பரத்தில் அம்மா மங்கலத்தோடு இருந்தான். போன வருஷம் ஆடி மாதம் கூட்டாளிகளோடு கடலூர் சில்வர் பீச்சுக்குக் குளிக்கப் போனான். அலை இழுத்துக்கொண்டது. மூன்று நாள் கழித்து ஓர் உடம்பு ஒதுங்கியது. மூன்று நாள் உப்புத் தண்ணீரில் கிடந்த உடம்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடையாளம் காட்டப் போனவர் தாய்மாமன் ராஜவேல். பாவம், பிணவறை வாசலிலேயே அவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. முகத்தைப் பார்க்கும் தெம்பு இல்லை. இடுப்புப் பக்கம் மட்டும் துணியை விலக்கச் சொன்னார். கறுப்பு அரைஞாண் கயிறு தெரிந்தது. "எங்க புள்ளதான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்றைக்கே கடலூரில் எரித்துவிட்டார்கள்.

அவர்கள் வழக்கம் ஒன்று உண்டு. கருமாதி வரைக்கும் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், செத்துப்போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போடுவார்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். உள்ளே சாப்பிடுகிறவர் எழுந்து போக வேண்டாமா, அதற்காக.

முதல் நாலு நாள் போட்டது போட்டபடி இருந்தது. ஐந்தாம் நாள் திறந்தபோது சோற்றில் ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது. தண்ணீர் பாதிதான் இருந்தது.

"வந்துட்டாண்டி! என் தங்கம் வந்துட்டாண்டி!" மங்கலம் அந்த இலை முன்னால் விழுந்து அழுதாள். மீந்திருந்த சோற்றை அவளே அள்ளித் தின்றாள். அன்றிலிருந்து வேறு சாப்பாடு கிடையாது. அந்த இலையில் மீந்ததுதான்.

சுவேதாவுக்கு அழுகை வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. பூனையா? ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தது. வேறு யார்? பின்கதவுச் சாவி ராஜவேல் மாமாவிடம் ஒன்று இருக்கிறது. இலை போடுகிற நேரம் பார்த்து "டீ குடிச்சிட்டு வர்றன்" என்று அவர் நழுவுவதையும் அவள் கவனித்திருந்தாள். அக்கா படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல் மனுஷன் நாடகம் போடுகிறார் என்றே நினைத்தாள். கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் அவரை விடவில்லை. தெருக்கதவுக்கு முன்னால் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள்.

"என்னா சுவேதா, கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிற?"

"சும்மா நில்லுங்க மாமா."

மணி ஆறரை. தெருவில் யாரோ ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது. அமைதி.

உள்ளே... ணங்.

டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம்.

மாமா அவளைப் பார்த்தார். அவர் உதடு வெளுத்துப் போயிருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சுவேதா எதையும் துருவுகிற ஆள். ஒவ்வொரு நாளும் இலையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். எழிலனுக்கு மீன் என்றால் உயிர். வஞ்சிரத் துண்டு அப்படியே கிடந்தது. கத்திரிக்காய் என்றால் தட்டையே தள்ளிவிட்டு எழுந்து போகிறவன். அன்றைக்குக் குழம்பில் போட்ட கத்திரிக்காயில் காம்பு மட்டும்தான் மிச்சம்.

"அம்மா, இது அவனா?"

"போனவங்களுக்கு நாக்கு மாறிடும்டி. வாய மூடு."

ஒன்பதாம் நாள் இலை மடித்திருந்தது. எழிலன் ஜென்மத்தில் இலையை மடித்தவனில்லை, அம்மாதான் எடுத்துப் போட வேண்டும். அது போகட்டும். மடித்த விதத்தைத்தான் சுவேதா குனிந்து பார்த்தாள். கல்யாண வீட்டில் இலையை நம் பக்கமாக மடிப்போம். சாவு வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்போம். இந்த இலை எதிர்ப்பக்கமாக மடிந்திருந்தது.

சொந்த வீட்டில் எவன் அப்படி மடிப்பான்? துக்கத்துக்கு வந்த வெளியாள் மடிப்பான்.

அப்படியென்றால் தினமும் வந்து உட்கார்ந்து சாப்பிடுவது யார்? தன் அம்மா யார் எச்சிலைத் தின்றுகொண்டிருக்கிறாள்?

"நாளைக்கு நான் உள்ளயே உக்காரப் போறன். எம் புள்ள மூஞ்சியப் பாக்கணும்" என்றாள் மங்கலம்.

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? உன்னயும் பறிகொடுத்துட்டு நான் என்னாம்மா பண்ணுவன்? நான் வர்றவரைக்கும் இலையே போடாத."

அம்மா எழுந்து போய் மறுநாளைக்கு நல்ல இலையாகப் பார்த்து எடுத்து வைத்தாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் ஆபீசில் பர்மிஷன் சொல்லிவிட்டு ஓடினாள். விதி என்று சொல்வதா, புதுச்சத்திரம் பக்கம் ஒரு லாரி கவிழ்ந்து பஸ் நின்றுவிட்டது. வீட்டுக்கு வரும்போது ஆறே முக்கால்.

மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

"தடுத்தன், கேக்கல. உள்ள பூந்து தாப்பா போட்டுட்டா..."

"அம்மா!"

கதவில் காதை வைத்தாள்.

மெல்லுகிற சத்தம். நிதானமாக... பசியோடு...

அப்புறம் அம்மாவின் குரல்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமாப்பா?"

சத்தம் நின்றது.

சுவேதா கதவைத் தட்டவில்லை. இடித்தாள். மாமாவும் தோள் கொடுத்தார். தாழ்ப்பாள் தெறித்தது.

அறையில் அம்மா மட்டும்தான்.

அழவில்லை. வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நனைந்திருந்தது. உப்புத் தண்ணீர் வாடை.

"கையப் புடிச்சிப் பாத்தன் சுவேதா. எழிலன் கை இல்லடி அது... காப்புக் காச்சுப் போன கை. யாரு பெத்த புள்ளயோ."

மறுநாள் காலை போலீஸிலிருந்து போன் வந்தது. தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் இன்னோர் உடம்பு ஒதுங்கியிருந்தது. பேன்ட் பாக்கெட்டில் டிரைவிங் லைசென்ஸ். எழிலன் பெயர், எழிலன் போட்டோ.

ராஜவேல் மாமா தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "அரைஞாண் கயிறு இல்லாத ஆம்பள நம்ம பக்கம் எவன் இருக்கான்! பாவி, மூஞ்சியப் பாக்காம வந்துட்டனே!"

எழிலனை அடக்கம் செய்தார்கள். அவனுக்காக முதலிலிருந்து மறுபடி இலை போட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். காத்திருந்தார்கள். ஒரு பருக்கை அசையவில்லை. மங்கலம் தினமும் அந்த அசையாத சோற்றைப் பார்த்துப் பார்த்து உடைந்தாள். ஊரான் பிள்ளை வந்தான், தன் பிள்ளை வரவில்லையே என்று.

எரித்த உடம்பு யாருடையது என்பதும் ஒரு வாரத்தில் தெரிந்தது. போலீஸ் எடுத்த போட்டோவில் முன்னங்கையில் பச்சை குத்தியிருந்தது. அதைப் பார்த்து துறைமுகத்து மேஸ்திரி ஒருவர் சொல்லிவிட்டார். பெயர் சின்னையன். மூட்டை தூக்க வந்தவன். பெண்ணாடம் பக்கம் ஊர். காணோம் என்று யாரும் புகார் கொடுக்கவில்லை.

"நாம கொள்ளி வச்சிட்டம். அவன் அம்மாகிட்ட நேர்ல போயி சொல்லிட்டு வாங்க" என்றாள் மங்கலம்.

சுவேதாவும் மாமாவும் போனார்கள். கரும்புக் காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஓட்டு வீடு. சின்னையன் அம்மா தனியாகத்தான் இருந்தாள். மாமா தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் அழவில்லை. ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"போலீசுகாரங்களும் இதயேதான் சொன்னாங்க. தெனம் வர்ற புள்ளய செத்துட்டான்னா எப்படிங்க நம்புறது?"

சுவேதா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"முன்னல்லாம் வாசல்லயே நிப்பான். சாப்புட வாடான்னா, 'ஆச்சும்மா, சிதம்பரத்துல ஒரு அம்மா போட்டாங்க'ம்பான். இப்ப ஒரு வாரமாத்தான் இங்க சாப்புடுறான். அந்த அம்மா நிறுத்திட்டாங்களாம்."

மாமா எழுந்துவிட்டார்.

"இருட்டப் போவுது. வர்ற நேரந்தான். இருந்து பாத்துட்டுப் போங்களேன்." சொல்லிக்கொண்டே தட்டு எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவர்கள் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சுவேதா நடந்ததைச் சொன்னாள். மங்கலம் பயப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவன்கூட நம்ம எழிலன் வர்றானான்னு கேட்டியாடி?"

"கேக்கலம்மா" என்றாள் சுவேதா.

அது உண்மைதான். அவள் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் கிளம்பும்போது அந்த அம்மாள் துடைத்துத் தரையில் வைத்தது இரண்டு தட்டு. யாருக்கு என்று கேட்காமலேயே அவளாகச் சொன்னாள். "கூட ஒரு சேக்காளி வர்றான். சிதம்பரத்துப் புள்ளயாம். அவுங்க வூட்ல வேற ஆள உக்கார வச்சி சோறு போட்டாங்களாம். தன்ன மறந்துட்டாங்கன்னு கோச்சிக்கிட்டு, அங்க போவ மாட்டேங்குறான்."

இதை மட்டும் சுவேதா தன் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால், அடுத்த பஸ்ஸிலேயே மங்கலம் பெண்ணாடத்துக்குக் கிளம்பிவிடுவாள். போனால், திரும்பி வர மாட்டாள்.