மகளின் ஜெபம்

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. டாக்டர்கள் அதை உறுதியாகச் சொன்னபோது நான் ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்துவந்தேன். என் வீட்டுக்காரர் ஷிப்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டினார். எங்கள் சபை ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் கூடும். ஞாயிறுதோறும் பிள்ளையை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். போதகர் அவள் காதுகளில் எண்ணெய் தொட்டு ஜெபிப்பார். மற்றவர்களும் சேர்ந்து அழுவார்கள். அந்த அன்பில் பொய் கிடையாது.

வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார்தான், கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க விசுவாசத்துல எங்கயோ சந்தேகம் கலந்திருக்கு, சிஸ்டர். அதான் சுகம் தள்ளிப்போவுது."

பிள்ளைக்காக உபவாசம் இருந்து, பசியோடு லைனில் நின்றவள் நான். அடுத்த ஞாயிறு சபைக்குப் போகாமல் ஓ.டி. கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வீட்டில் ஜெபிப்பதும் நின்றுபோனது.

வீட்டுக்காரர் கட்டாயப்படுத்தவில்லை. மகளைத் தானே சபைக்குக் கூட்டிப்போய் வந்தார். ஒருநாள் சாப்பிடும்போது மட்டும், "அந்தாள் மேல கோச்சிக்கினு ஆண்டவர்கிட்ட பேசாம கீறியே" என்றார். என் கோபமே ஆண்டவர் மேல்தான் என்றேன். அப்படியென்றால் அதையாவது அவரிடம் சொல் என்றார்.

சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். ஆறுதல் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மறுநாளும் பேசினேன்.

அதற்குள் மகள் காது கேளாதோர் பள்ளியில் சைகை பேசக் கற்றிருந்தாள். அவளிடமிருந்து நாங்களும் கற்றோம். ஒரு சாயங்காலம் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டாள். நடுவிரலால் இரண்டு உள்ளங்கைகளையும் தொட்டுக் காட்டினேன். ஆணி அடித்த இடம். இயேசுவுக்கு அதுதான் சைகை. எதைப் பற்றி என்றாள். உனக்குக் காது கேட்க வேண்டும் என்று சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். தனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்றாள். பிறகு, அவருக்குச் சைகை புரியுமா என்று கேட்டாள். புரியும் என்றேன். உடனே சுவரைப் பார்த்து நின்று, அப்பாவின் முதுகுவலி போக வேண்டும், எனக்கு சைக்கிள் வேண்டும் என்று கைகளாலேயே கேட்டு முடித்தாள்.

அந்த ஞாயிறு சபைக்குப் போனேன். மகள் சொன்னதைச் சொல்லி, இனி இவளை முன்னால் நிறுத்த வேண்டாம் என்று போதகரிடம் கேட்டுக்கொண்டேன். அவர், "எங்களுக்கு இது தோணாம போச்சேம்மா" என்றார். இப்போது ஓரமாக நின்று, பிரசங்கத்தை அவளுக்குச் சைகையில் சொல்கிறேன். பாதி தப்பு. அவளே திருத்துகிறாள்.

பின்னால் லாரி ஹாரன் அடித்தும் அவள் திரும்பாமல் நடக்கிறபோது இன்னமும் நெஞ்சு பதறும். அந்த மாதிரி நாளில் ஏன் இப்படி என்று ஆண்டவரைக் கேட்டுவிடுவேன். பதில் வந்ததில்லை. கேட்பதை நான் விடவில்லை.